மூன்று வருடம் சிப்பி காயவைத்த கதை

நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் இப்போது சிப்பியைக் கம்ப்யூட்டரில் உடைக்கிறார்கள். பழைய ஊழியர்கள் கூட்டத்துக்குப் போயிருந்தபோது ஓர் இளம்பெண் திரையில் காட்டினாள். வண்ண வண்ணமாக, அடுக்கு அடுக்காக ஒரு சிப்பி. பொத்தானைத் தட்டினாள். விரிசல் ஒன்று உள்ளே போனது, நெளிந்தது, பாதியில் நின்றது. "நீங்கள்லாம் இதை எப்படி மேடம் பண்ணீங்க?" என்று கேட்டாள். "மூக்கைப் பொத்திக்கிட்டு" என்றேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கும்படி எழுதித் தாருங்கள் என்று பக்கத்தில் இருந்தவர்களும் சேர்ந்து பிடித்துக்கொண்டார்கள். எழுதிவிட்டேன். படிப்பது உங்கள் பாடு.

என்னை வேலைக்கு எடுத்தது என் மூளைக்காக அல்ல, பஸ் ரூட்டுக்காக. எழுபதுகளின் கடைசி. பௌதிகத்தில் பட்டம் வாங்கி, எதைக் கேட்டாலும் பதில் சொல்வது என்று மனப்பாடம் செய்துகொண்டு நேர்முகத் தேர்வுக்குப் போனேன். எதிரே டாக்டர் நீலமேகம் உட்கார்ந்திருந்தார். கேட்டது இரண்டே கேள்வி.

"சொந்த ஊர்?"

"பொன்னேரி சார்."

"அங்கிருந்து பழவேற்காட்டுக்கு நேர் பஸ் உண்டா?"

உண்டு என்றேன். மறுநாளே சேரச் சொல்லிவிட்டார். பயிற்சி என்று முதல் வருடம் முழுக்க அறுப்பதும் தேய்ப்பதும் கழுவுவதுமாகப் போனது. அதில் சொல்ல ஒன்றுமில்லை. என் விரல்ரேகை அழிந்துபோனதுதான் மிச்சம்.

டாக்டர் நீலமேகம் யாரையும் திட்டியதில்லை, குரலை உயர்த்தியதும் இல்லை. எதிரில் உட்கார்ந்திருக்கும் ஆளுக்கும் சீட்டு எழுதித்தான் கொடுப்பார். "மிஸ் சுலோசனா, ஜன்னலைச் சாத்தவும். நீ." என்று பெயரின் முதலெழுத்தோடு எழுதி, தேதி போட்டு நீட்டுவார். கோபம் வந்தால் பென்சில் சீவுவார். ஒரு பென்சில் என்றால் அதிருப்தி, இரண்டு என்றால் கோபம். மூன்றாவதை எடுத்தால் நாங்கள் ஒவ்வொருவராக டீ குடிக்க நழுவிவிடுவோம்.

ஆனால் மனிதருக்கு ஒரு பித்து இருந்தது, அது சிப்பிப் பித்து. வேலைக்குச் சேர்ந்த அன்று ஒரு சாக்பீஸை எடுத்து என் கண்ணெதிரே ஒடித்தார். "இதுவும் சுண்ணாம்பு வகைதான்" என்றார். பிறகு ஒரு சிப்பி ஓட்டை எடுத்து என்னிடம் கொடுத்து ஒடிக்கச் சொன்னார். முடியவில்லை. "அதுவும் சுண்ணாம்புதான். அது உடைகிறது, இது ஏன் உடையவில்லை? இதைத்தான் நாம் கண்டுபிடிக்கப் போகிறோம்" என்றார். செங்கல் சுவர் மாதிரி மெல்லிய சுண்ணாம்புத் தட்டுகள், ஒன்றின்மேல் ஒன்றாக நூற்றுக்கணக்கில். நடுவே காகிதத்தைவிட மெல்லிய ஒரு பசை. சிப்பியின் ரகசியம் அந்த அடுக்கில் இருக்கிறது. அந்த அடுக்கை நாமே செய்துவிட்டால் உடையாத தகடு கிடைக்கும், படகுக்கு அடித்தளம் போடலாம், இன்னும் என்னென்னவோ செய்யலாம். அவர் பேசுவதைக் கேட்டால் நாளைக் காலையிலேயே கிடைத்துவிடும் போல இருக்கும்.

என் வேலை, பழவேற்காட்டுக்குப் பக்கத்துக் கோட்டைக்குப்பத்தில் சிப்பி வாங்கி வருவது. பச்சை ஆளி என்பார்கள். ஓரம் கிளிப்பச்சை, உள்பக்கம் முத்து மாதிரிப் பளபளப்பு. வாங்கும்போது அழகாகத்தான் இருக்கும். பொன்னேரி பஸ்ஸில் ஏற்றிப் பத்து நிமிடம் ஆனதும் அதன் குணம் தெரியும். கண்டக்டர் என்னைப் பார்த்ததுமே பின்சீட்டைக் கைகாட்டுவார். பின்சீட்டில் இருப்பவர்கள் முன்னால் போய்விடுவார்கள். மூன்று வருடம் அந்த ரூட்டில் ஒரு நாள்கூட நான் நின்றுகொண்டு போனதில்லை.

சிப்பி வந்து சேர்ந்த பிறகு நடப்பது ஒரு பூஜை. முதலில் குழாய்த் தண்ணீரில் கழுவ வேண்டும், பிறகு வாலை வடித்த நீரில் மூன்று முறை. பிறகு உலை அடுப்பில் நூற்றைந்து டிகிரியில் நாற்பத்தெட்டு மணி நேரம். எடுத்ததும் கையால் தொடக்கூடாது. இடுக்கியால் பிடித்து டெசிக்கேட்டரில், அதாவது அடியில் ஈரம் உறிஞ்சும் நீலக் கற்கள் போட்டு மூடி இறுக்கிய கண்ணாடி ஜாடியில், வைக்க வேண்டும். அங்கே இன்னும் ஒரு நாள். அதன்பிறகுதான் அறுத்து, தேய்த்து, உடைக்கும் இயந்திரத்தில் வைப்போம். இரண்டு கால்மேல் சிப்பித் துண்டு கிடக்கும், நடுவில் ஒரு கத்திமுனை இறங்கும், பக்கத்தில் பேனா ஒன்று காகிதத்தில் கோடு போடும். கோடு ஏறும், ஏறும், 'டக்' என்று செங்குத்தாக விழும். அவ்வளவுதான், உடைந்துவிட்டது.

"ஈரம் என்பது அழுக்கு, மிஸ் சுலோசனா" என்பார் டாக்டர். மழை நாளில் என் தலைமுடி ஈரமாக இருந்தால் சோதனை அறைக்குள் விடமாட்டார். நான் வாசலில் நின்று கொண்டையை உதறிக்கொண்டிருப்பேன்.

ஒரே ஒரு சங்கடம் இருந்தது. இப்படிப் பார்த்துப் பார்த்து உடைத்த சிப்பியின் பலம், சாக்பீஸைவிட அதிகம்தான், ஆனால் டாக்டர் கணக்குப் போட்ட அளவுக்கு வரவில்லை. எங்கோ அழுக்கு மிச்சம் இருக்கிறது என்று நினைத்து, அடுப்பில் வைக்கும் நேரத்தைக் கூட்டினார். பலம் இன்னும் குறைந்தது. இன்னும் கூட்டினார்.

கோட்டைக்குப்பத்தில் எனக்குச் சிப்பி எடுத்துத் தந்தவள் எல்லம்மா. என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். ஏரியில் இடுப்பளவு நீரில் குனிந்து சேற்றைத் தடவித் தடவிக் கையாலேயே இறால் பிடிப்பாள். பிடித்ததைப் போட்டுவைக்கும் பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டிருப்பாள், இரண்டு கையும் வேலைக்கு வேண்டுமே. பறி வாயில் இருக்கும்வரை உலகத்தில் அமைதி நிலவும். அதை எடுத்தாளோ தொலைந்தோம்.

"இன்னாம்மா சிப்பிக்காரம்மா, போன வாரம் ஒரு மூட்ட எட்த்துனு போன, அத இன்னா பண்ண?"

"ஒடச்சிட்டோம்கா."

"அதுக்கா மெட்ராசுக்குத் தூக்கினு போன? இங்கியே குட்த்தா நா மிதிச்சி ஒட்ச்சித் தர மாட்டேன்?"

ஊரில் எங்களைப் பற்றிப் பலவிதமான பேச்சு. சிப்பியை அரைத்துப் பல்பொடி செய்கிறார்கள் என்றது ஒரு கட்சி. மந்திரிகளுக்குப் பல்செட்டு என்றது இன்னொரு கட்சி. இரண்டாவது கட்சிக்குத்தான் ஆதரவு அதிகம்.

எல்லம்மாவிடம் ஒரு பழைய மரப்படகு இருந்தது. அவள் புருஷன் காசிமேட்டில் விசைப்படகுக்கு வேலைக்குப் போய்விட்டதால் அவளே கழி ஊன்றித் தள்ளுவாள். கரையோரம் எல்லோரும் தடவித் தடவி இறால் இல்லாமல் போனபோது, ஏரியின் நடுத்திட்டுகளுக்குப் போய்ப் பிடிக்க அவளுக்கு இருந்த ஒரே வழி அந்தப் படகு. ஆனால் அங்கே போகும் வழியெல்லாம் ஆளித் திட்டு. கத்தி முனையாக நிற்கும் சிப்பிக் கூட்டம் படகின் அடியைச் சுரண்டிச் சுரண்டி மெலிய வைத்திருந்தது. எங்கள் முதல் தகடு தயாரானபோது, அதை ஒட்டிப் பார்க்கப் படகு வேண்டும் என்றார் டாக்டர். எனக்கு எல்லம்மாவின் படகுதான் ஞாபகம் வந்தது. ஒட்டவிடச் சொல்லி அவளிடம் கெஞ்சியது நான்தான், இதைச் சொல்லாமல் விட்டால் தப்பு.

"ஒடியாதே?" என்றாள்.

"ஒடியவே ஒடியாதுக்கா" என்றேன்.

அந்தத் தகடு எங்கள் ஒர்க்ஷாப்பில் மஸ்தான் பாய் செய்தது. மஸ்தான் பாய் பழவேற்காட்டுக்காரர், எந்த இயந்திரமும் அவர் கைபட்டால் ஓடும். கண்ணாடி இழையும் பிசினும் சேர்த்து வார்த்த நகத்தளவுத் தடிமன் தகடுகள், பன்னிரண்டு அடுக்கு. நடுவே கெட்டியாக இறுகும் பசை. எங்கள் காய்ந்த சிப்பியில் பசை அப்படித்தான் கெட்டியாக இருந்தது, அதனால் அதே மாதிரி. எல்லாவற்றையும் அடுப்பில் வைத்துச் சுட்டு எடுத்தபோது கண்ணாடி மாதிரி மினுமினுத்தது. "ஷோக்கா கீது சார்" என்றார் மஸ்தான் பாய். டாக்டர் சீட்டில் "திருப்தி. நீ." என்று எழுதிக் கொடுத்தார்.

சோதனை நாளன்று டாக்டர் முதல்முறையாகப் பழவேற்காட்டுக்கு வந்தார். சிப்பியையே இத்தனை வருடமாக ஆராய்ந்தவர், அது இருக்கும் தண்ணீரை அன்றுதான் பார்த்தார். பூட்ஸ், சாக்ஸ், வெள்ளைச் சட்டை, குடை, ரிஜிஸ்டர். படகின் நடுவில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். எல்லம்மா பின்னால் கழி ஊன்றினாள். முன்னால் மஸ்தான் பாய், இடையில் நான்.

நடுத்திட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். "வேண்டுமென்றே மோத வேண்டும்" என்றார் டாக்டர். எல்லம்மா என்னைப் பார்த்தாள். தள்ளுங்கள் என்று நான் கையைக் காட்டினேன். அவள் கழியை ஊன்றி ஒரு தள்ளு தள்ளினாள்.

டப். அப்பளம் நொறுங்கியது போல ஒரே சத்தம். தகடு பன்னிரண்டு அடுக்கும் சேர்ந்து உடைந்து, ஆணியோடு பழைய பலகை இரண்டையும் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. தண்ணீர் குபுகுபுவென்று வந்தது.

"நேரம் பத்து நாற்பது" என்றார் டாக்டர். "நீர் புகுகிறது. எழுதுங்கள்."

எழுதினேன். என்ன செய்வது, அவர் சொன்னால் கை தானாக எழுதும். தண்ணீர் இடுப்புக்கு வந்தது. "நீர்மட்டம் உயர்கிறது" என்றார். உட்கார்ந்தபடியே மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு முடிவுக்கு வந்துவிட்ட சாந்தம். எனக்கு நீச்சல் தெரியாது.

"சார், எந்திரிங்க சார்!" என்று கத்தினார் மஸ்தான் பாய். "மொழங்கா தண்ணிதான்!"

எழுந்தோம். முழங்கால் அளவுதான். படகு எங்கள் காலடியில் தரை தட்டிப் படுத்திருந்தது. டாக்டர் குடையை விரித்துக்கொண்டார், ரிஜிஸ்டரைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டார், பூட்ஸோடு சேற்றில் கரைக்கு நடக்க ஆரம்பித்தார். முக்கால் மணி நேர நடை. வழியெங்கும் இறால் தடவும் பெண்கள். ஒருத்தி பறியை வாயிலிருந்து எடுத்தாள்.

"இன்னா பெரியவரே, கொட புட்ச்சினு எறா புடிக்க வந்தியா?"

"இல்லையம்மா. சோதனை" என்றார் டாக்டர் மரியாதையாக.

"சோதனதான். கெரகம்" என்று சொல்லிவிட்டு அவள் பறியைத் திரும்பக் கடித்துக்கொண்டாள்.

இதைச் சொல்லிச் சொல்லிப் பல வருடம் சிரித்திருக்கிறேன். ஆனால் அன்று சாயங்காலம், கரைக்கு இழுத்து வந்து கவிழ்த்த படகைச் சுற்றி எல்லம்மா நடந்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடியில் ஒரு ஆள் புகுந்து வரலாம் போல ஓட்டை. அவள் திட்டவில்லை. பறியும் வாயில் இல்லை. திட்டாமல் இருந்தது எனக்குப் பயமாக இருந்தது.

"நான் சரி பண்ணித் தர்றேன்கா" என்றேன்.

"எப்டி?"

அது எனக்கே தெரியவில்லை. பலகை வாங்கித் தரச் சொல்லி டாக்டர் நிர்வாகத்துக்கு எழுதினார். படகு ஆய்வுக்கூடக் கருவிகள் பட்டியலில் இல்லை, எனவே அதன் பலகையும் இல்லை என்று பதில் வந்தது. மீண்டும் எழுதினார். மீண்டும் அதே பதில், இம்முறை அழகான தட்டச்சில். எல்லம்மா கரையோரத்தில் மற்ற எல்லோரும் தடவிவிட்டுப் போன சேற்றையே தடவிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் பறியில் பாதிகூட நிரம்பவில்லை. நான் போகும்போதெல்லாம் எதிரில் படாமல் ஒதுங்கிப் போனேன், வெட்கம்.

ஒரு நாள் ஒதுங்க முடியவில்லை. வேறு யாருடைய படகையோ கவிழ்த்துப் போட்டு, அடியில் ஒட்டியிருந்த சுண்ணாம்புப் பொருக்கைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அதையாவது கூடச் சேர்ந்து செய்யலாம் என்று பக்கத்தில் குவிந்துகிடந்த பச்சை ஆளி ஓடு ஒன்றை எடுத்துச் சுரண்ட ஆரம்பித்தேன். இரண்டு இழுப்பு. பட்டென்று ஒடிந்தது. இன்னொன்று எடுத்தேன். அதுவும்.

"வெய்யில்ல காஞ்சத எட்த்தா ஒடியாம இன்னா பண்ணும்?" என்றாள் எல்லம்மா திரும்பிப் பார்க்காமல். "அங்க ஈரச் சாக்குக்குள்ள கீது பாரு, ஊறப் போட்டத எடு. மூணு வர்சமா சிப்பி வாங்கற, இதுகூடவா தெரியாது?"

ஈரச் சாக்கிலிருந்து ஒன்று எடுத்தேன். சுரண்டினேன். வேண்டுமென்றே பலகையில் ஓங்கி அடித்தேன். கை வலித்ததே தவிர ஓடு உடையவில்லை. நான் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று வருடம், நூற்றைந்து டிகிரி, நாற்பத்தெட்டு மணி நேரம். அந்த ஊரில் இறால் பிடிக்கிற அத்தனை பேருக்கும் தெரிந்த ஒன்றை நாங்கள் அடுப்பில் வைத்துக் கொளுத்தியிருக்கிறோம்.

"இன்னாம்மா ஆச்சு? வெய்யிலா?" என்றாள் எல்லம்மா.

"ஒன்னுமில்லக்கா, ஒரு வாளி தாயேன்" என்றேன்.

ஏரித் தண்ணீரோடு ஒரு வாளி ஆளி. பஸ்ஸில் அன்று பின்சீட்டு மட்டுமல்ல, பாதி பஸ்ஸே எனக்கு. மறுநாள் சனிக்கிழமை, அரை நாள். டாக்டர் கிளம்பிப் போனதும் மஸ்தான் பாயை உதவிக்கு வைத்துக்கொண்டு சோதனை அறையைத் திறந்தேன். தண்ணீரில் வைத்தே அறுத்தோம், தண்ணீரில் வைத்தே தேய்த்தோம். சொட்டச் சொட்ட ஈரமான துண்டை அந்தப் புனிதமான இயந்திரத்தில் வைத்தேன். கோயிலுக்குள் செருப்போடு போன மாதிரி இருந்தது.

கத்திமுனை இறங்கியது. கோடு ஏறியது. நான் 'டக்' என்ற சத்தத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. கோடு வளைந்தது. இறங்கியது, திரும்ப ஏறியது, நின்றது, கொஞ்சம் இறங்கியது. விழமாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டு காகிதத்தின் ஓரம்வரை போய்விட்டது.

"மிசின் பேஜார் பண்ணுது" என்றார் மஸ்தான் பாய்.

காய்ந்த துண்டு ஒன்று வைத்தோம். ஏறியது, டக், விழுந்தது. இயந்திரம் சரியாகத்தான் இருந்தது. திரும்ப ஈரத் துண்டு. திரும்பவும் அதே அடம். ஆறு துண்டு உடைத்தோம். ஆறும் அப்படியே. கடைசித் துண்டைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். விரிசல் நேராக உள்ளே போகவில்லை. பசை இழுபட்டுக் கொடுக்க, அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்க, அது பக்கவாட்டில் திரும்பி எங்கோ போய்த் தொலைந்துவிட்டது. பசை ஈரமாக இருந்தால்தான் இழுபடும். அதைத்தான் நாங்கள் காயவைத்துக் கொன்றுவிட்டு, அந்தப் பிணத்தைப் பார்த்துத் தகடு செய்திருக்கிறோம்.

ஞாயிறு முழுக்க இதையே யோசித்தேன். சொன்னால் அவருடைய மூன்று வருடம் குப்பை. நான் தற்காலிக ஊழியர், அனுமதியில்லாமல் சோதனை அறையை நனைத்தவள். சொல்லாவிட்டால் எல்லம்மாவின் ஓட்டை ஓட்டையாகவே இருக்கும். திங்கள் காலை, அவர் மொழியிலேயே சொல்லிவிடலாம் என்று ஆறு கோட்டுத் தாளையும் அவர் மேஜையில் வைத்து மேலே ஒரு சீட்டு எழுதினேன்: "ஈரச் சிப்பி. அனுமதியில்லாமல் செய்தது. சு."

ஒரு பென்சில் சீவினார். இரண்டு. மூன்றாவதை எடுத்தபோது மஸ்தான் பாய் டீ குடிக்கப் போய்விட்டார். நான் போகவில்லை. ஏழு பென்சில். டப்பா காலியானதும் என்னைக் கூப்பிட்டார்.

"எத்தனை மாதிரி?"

"ஆறு சார்."

"ஆறு போதாது" என்றார். "இன்னும் இருபது செய்யுங்கள். நானும் வருகிறேன்."

இருபதும் செய்தோம். அவரே தண்ணீர் ஊற்றினார், சட்டைக் கை நனைந்ததைக் கவனிக்கவில்லை. கடைசிக் கோடும் விழாமல் அடம்பிடித்து முடித்ததும் அலமாரியிலிருந்து மூன்று வருடத்து நோட்டுகளை இறக்கினார். ஒவ்வொரு பக்கத்திலும் மூலைக்கு மூலை ஒரு கோடு போட்டார், "தவறான முறை" என்று எழுதினார், கையெழுத்துப் போட்டார். ஒரு பக்கத்தைக்கூடத் தாண்டவில்லை. சாயங்காலம் ஐந்தரை வரை ஆனது. நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அழுகை வந்தது, அவருக்கு வரவில்லை. நோட்டை மூடியபோது முகத்தில் ஒரு சின்னப் பையனின் சந்தோஷம் இருந்தது. அன்றுதான் அவர்மேல் எனக்கு உண்மையான மரியாதை வந்தது.

இரண்டாவது தகட்டில் அடுக்குகள் அதேதான், பசைதான் வேறு. ரப்பர் மாதிரி இழுபடும் பசை வேண்டும். எதை எதையோ வரவழைத்துப் பார்த்தோம், ஒன்றும் தேறவில்லை. கடைசியில் மஸ்தான் பாய் தெருமுனை சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டும் பசையும் ஒரு கட்டு பழைய டியூபும் வாங்கி வந்தார். வேலை செய்தது. அறிக்கையில் டாக்டர் அதற்கு 'நெகிழ் இடைப்படலம்' என்று பெயர் வைத்தார். மஸ்தான் பாய் கடைசிவரை 'டியூப்பு ஒட்டு' என்றுதான் சொன்னார். எல்லம்மாவின் படகில் அந்தப் பெரிய ஓட்டையை அப்படியே மூடி, அதுவே அடித்தளமாக, தகட்டைப் பொருத்தினோம்.

மறுபடியும் நடுத்திட்டு. டாக்டர் இம்முறை வெறுங்காலோடு, பேன்ட்டை முழங்காலுக்குமேல் மடித்துவிட்டு வந்திருந்தார். குடையைக் கொண்டுவரவில்லை.

"ஒடிஞ்சா நீயே சொமந்துனு போவணும்" என்றாள் எல்லம்மா என்னிடம். கழியை ஊன்றித் தள்ளினாள். போன தடவையைவிட வேகமாகவே தள்ளினாள் என்று இன்றும் சொல்வேன்.

டொக்.

எல்லோரும் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தண்ணீர் வரவில்லை. டாக்டர் படகிலிருந்து இறங்கினார், முகம் தண்ணீரில் படக் குனிந்து குந்தினார், படகின் அடியில் கையை விட்டுத் தடவினார். இறால் தடவுகிற மாதிரியே இருந்தது. ரொம்ப நேரம் தடவினார். பிறகு கண்ணாடியிலிருந்து தண்ணீர் வழிய எழுந்து நின்று, என் வாழ்நாளில் முதலும் கடைசியுமாகக் கத்தினார்.

"திரும்பிடுச்சு! சுலோசனா, விரிசல் திரும்பிடுச்சு!"

"விரிசலா? வுட்டுடுச்சா?" என்று எல்லம்மா பதறினாள்.

"வுட்டுடுச்சி, ஆனா உள்ள வர்லக்கா, சைடுல போயிட்ச்சி" என்றேன். எனக்கே தெரியாமல் அவள் பேச்சு என் வாயில் வந்துவிட்டது.

"தண்ணி வர்ல இல்ல? அப்ப எறா புடிக்கப் போலாமா?" என்றாள். எங்களைக் கரையில் இறக்கிவிட்டுவிட்டு நேராகத் திட்டுக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

இங்கேயே கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அரசாங்கத்தில் எதற்கும் ஒரு குழு உண்டு. குழு வந்தது, படம் பார்த்தது, அறிக்கை படித்தது. "தகட்டில் விரிசல் இருக்கிறதே?" என்று கேட்டது. விரிசல் வந்தும் உடையாததுதான் விசேஷம் என்று டாக்டர் ஒன்றரை மணி நேரம் விளக்கினார். குழு பொறுமையாகக் கேட்டது. விரிசலே வராத தகடாக இருந்தால் நல்லது என்று எழுதிவிட்டுத் திட்டத்தை மூடிவிட்டது. என்னை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள், அந்த வகையில் நான் தப்பினேன். டாக்டர் ஓய்வுபெற இன்னும் சில மாதமே இருந்தது.

திட்டம் மூடினால் பொருள் ஸ்டோர்ஸுக்குத் திரும்ப வேண்டும். தகட்டுக்கு ஒரு நம்பர் இருந்தது. ஸ்டோர்ஸ் அதிகாரி ஒருவர் நேரிலேயே கிளம்பி வந்தார். டாக்டரும் நானும் அவரைக் கோட்டைக்குப்பத்துக்குக் கூட்டிப்போனோம். எல்லம்மாவின் படகு கரையில் கிடந்தது.

"படகு அந்தம்மாவோடது, தகடு சர்க்காரோடது. கழட்டணும்" என்றார் அதிகாரி.

"கயட்டினு போ. கீய ஓட்டைய இன்னாத்த வெச்சு அடைக்கறது, உன் ரிஜிஸ்டரையா?" என்றாள் எல்லம்மா. குரல் பெரிதாகத்தான் இருந்தது, ஆனால் கை படகின் விளிம்பைப் பிடித்திருந்த பிடி எனக்குத் தெரிந்தது. நான் டாக்டரைப் பார்த்தேன். தொலைந்துவிட்டது, உடைந்துவிட்டது என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும். ஆனால் இந்த மனிதர் வாழ்க்கையில் ஒரு பொய் எழுதியதில்லை. மூன்று வருடத்து நோட்டையே கோடு போட்டு அடித்தவர், ஒரு பொய்யா எழுதப்போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"திட்டம்தான் முடிந்தது" என்றார் டாக்டர் நிதானமாக. "சோதனை முடியவில்லை."

"புரியலையே சார்."

"சோதனையில் இருக்கும் மாதிரியை அது உடையும்வரை இடம் மாற்றக்கூடாது. ஆய்வுக்கூட நடைமுறை. நடைமுறைப் புத்தகத்தில் இருக்கிறது, பாருங்கள்."

டாக்டர் கையோடு கொண்டுவந்திருந்த புத்தகத்தை அதிகாரி வாங்கிப் பார்த்தார். இருக்கத்தான் இருந்தது. "இது எப்ப சார் உடையும்?"

"அதைக் கண்டுபிடிக்கத்தானே சோதனை" என்றார் டாக்டர்.

அதிகாரி புத்தகத்தை மூடித் திருப்பிக் கொடுத்தார். பிறகு ரிஜிஸ்டரை நீட்டினார். டாக்டர் பென்சிலை வைத்துவிட்டு என்னிடம் பேனா வாங்கினார். 'இடம்' என்ற பத்தியில் பழவேற்காடு ஏரி என்று எழுதினார். 'நிலை' என்ற பத்தியில் 'சோதனை தொடர்கிறது' என்று எழுதினார். 'பரிசோதகர்' என்ற பத்திக்கு வந்ததும், "உங்கள் முழுப்பெயர் என்னம்மா?" என்று எல்லம்மாவிடம் கேட்டு, அதை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அவர் ஓய்வுபெற்ற பிறகு வருடா வருடம் அந்த வரியைச் சரிபார்த்து எழுதும் வேலை எனக்கு வந்தது. மார்ச் மாதம் பஸ் பிடித்துப் போவேன். எல்லம்மா ஏரியில் இருப்பாள், என்னைப் பார்த்ததும் வாயிலிருந்து பறியை எடுப்பாள். படகை விட்டு இறங்கக்கூட மாட்டாள்.

"இன்னும் ஒடியல, எய்திக்கோ!" என்று அங்கிருந்தே கத்துவாள். நான் எழுதிக்கொள்வேன்.